பின்கட்டுக்குள் வரலாமா, அக்கா?

அந்தக் கடையின் முன்பக்கம் பிள்ளைப் பருவத்திலிருந்தே எனக்கு மனப்பாடம். நான்கு மேசை, சிவப்பு நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கறிபாப்பும் வடையும், சுவரில் முருகன் படம் போட்ட நாள்காட்டி. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நீலத் துணித்திரை தொங்கும். கடைக்கார அக்கா வெறுங்கையோடு அதற்குள் போவார், நுரை ததும்பும் குவளையோடு வெளியே வருவார். உள்ளே என்னதான் நடக்கிறது? எத்தனை வருஷத்து ஆசை அது! போன சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அந்தத் திரை எனக்காக விலகியது.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா? தரை ஈரம், பார்த்து வா."

உள்ளே போனேன். போனதும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் ஆளுயரத்துக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவி. அதன் மேல் ஆணியில் தொங்கும் துணி வடிகட்டிகள், வருஷக்கணக்கில் சாயமேறி மரப்பட்டை நிறத்தில். எதிர்ச் சுவர் முழுக்கப் பலகைத் தட்டு. அதில் டின்கள், டின்கள், டின்கள்! வெளியே மலைக்குளிர் விரலை மரக்க வைக்கிறது, உள்ளே மூக்கின் மேல் வியர்வை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

கம்போங் ராஜா கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறி வந்தால் மலையில் முதலில் கைகாட்டுகிற ஊர். ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், அதைத் தாண்டி ப்ளூ வேலித் தேயிலைத் தோட்டம். என் அத்தை இந்த மலையில்தான் கொழுந்து பறித்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனம் தொட்டு இந்த மலையில் தேயிலை விளைந்ததில் தமிழர் கையின் பங்கு பெரிது. ஆகவே இங்கே ஒருவர் தேத்தண்ணியைப் பற்றிப் பேசினால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

ஆனால் நான் திரைக்குள் நுழைந்தது தேயிலைக்காக அல்ல. அதில் ஊற்றுகிற வெள்ளைக்காக!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒருவர் அத்தை. இரவில் ஒரு பெரிய குவளை பால் குடித்தால் வயிறு உப்பி, உருண்டு, விடியும்வரை தூக்கம் போய்விடும். இன்னொருவன் என் சொந்த அக்காவின் மகன், ஏழு வயது. அவனுக்குப் பால் ஒவ்வாமை. "ரெண்டு பேருக்கும் பால் ஆகாது" என்று ஒரே வாயில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் போன வருஷம் எங்களைக் கலங்கடித்தது. கடையில் 'பெபாஸ் லக்தோசா', அதாவது லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை இல்லாதது, என்று எழுதியிருந்த ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்து, அத்தைக்கும் ஆயிற்று பையனுக்கும் ஆயிற்று என்று நானே வாங்கி வந்து, நானே ஊற்றிக் கொடுத்தேன். அத்தை நிம்மதியாகக் குடித்தார். பையனுக்குப் பத்து நிமிடத்தில் உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்பு. கிளினிக்குக்கு ஓடினோம். சரியாகிவிட்டது. ஆனால் அன்றிரவு அவன் உறங்கியபிறகும் நான் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே வெறி. ஒரு கோப்பையில் இறங்கும் வெள்ளை எதுவானாலும் அது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். அதற்கு இந்தப் பின்கட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

முதல் பாடம் தேயிலையில்லாமலேயே நடந்தது. ஆறு மணிக்கு அக்கா என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து, "அந்தத் தவுக்கேகிட்ட தாவ்ஹூ தண்ணி வாங்கிட்டு வா" என்று பின்வாசல் வழியாக அனுப்பினார். பின்சந்தில் இரண்டு கதவு தள்ளி ஒரு சீனப் பெரியவர் சோயா பால் காய்ச்சுகிறார். அதுவும் ஒரு பின்கட்டு! ஒரே காலையில் இரண்டு!

முந்தின இரவே ஊறவைத்த சோயா மொச்சை, உப்பிப்போய் வெண்ணெய் நிறத்தில் கிடந்தது. அதைத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, சக்கையைத் தனியே எடுத்துவிட்டுக் காய்ச்ச வேண்டும். பானை சூடேறியதும் நுரை மளமளவென்று விளிம்புக்கு வந்தது. கொதித்துவிட்டது என்று நான் கத்தினேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். அது பொய்க்கொதி. மொச்சையில் சோப்பு போல நுரைக்கும் பொருள் ஒன்று உண்டு. பானை உண்மையில் கொதிக்கும் முன்னரே அது நுரைத்து ஆளை ஏமாற்றும். அங்கே அடுப்பை அணைத்துவிட்டால், புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் சாகாமல் நிற்கும்; குடித்தவர் வயிறு பேசும். நுரையை அடக்கி, தணலைக் குறைத்து, இன்னும் நன்றாகக் கொதிக்க விட்டார். கடைசியில் முடிந்த பாண்டான் இலை இரண்டு. அந்த வாசம் சந்து முழுக்கப் பரவியபோது எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

இதில் மாடு எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? மொச்சை, தண்ணீர், துணி, நெருப்பு. லாக்டோஸும் கிடையாது, பசும்பால் புரதமும் கிடையாது. பால் கலப்பில்லாத பானம் என்றால் இதுதான். நம் பக்கத்தில் இது புதுசும் இல்லை. ஹாங்காங்கில் 1940இல் தொடங்கிய விட்டாசோய், போர் அகதிகள் நிறைந்த நகரத்தில் மலிவான சத்துக்காகச் சோயா பாலைப் புட்டியில் அடைத்துச் சைக்கிளில் வீடு வீடாக விற்றது. நம் ஊர்ச் சந்தையில் பொட்டலத்தில் கட்டி உறிஞ்சுகுழல் சொருகித் தரும் சோயா தண்ணியும் அதே குடும்பம்தான்.

தூக்கைச் சுமந்துகொண்டு திரும்பியபோது அத்தையும் பையனும் வந்திருந்தார்கள். அவனையும் திரைக்குள் விட்டாயிற்று! அவன் கண் நேராக டின் தட்டுக்குப் போனது. என்னைவிட நன்றாக மலாய் படிப்பான். தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டு. ஒரு டின்னைக் கையில் எடுத்துச் சுழற்றினான்.

"சித்தி, இது சூசு இல்ல. கிரிமர்னு போட்டிருக்கு."

சூசு என்றால் மலாயில் பால். அக்கா சிரித்தார். "எல்லாரும் சூசுன்னுதான் கேப்பாங்க. நானும் சூசுன்னுதான் குடுப்பேன்."

இங்கேதான் எனக்கு உள்ளம் குதித்தது. இரண்டு டின், ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே மஞ்சள் கலந்த வெள்ளை. ஒன்றில் 'சூசு பெக்காட் மானிஸ்', அதாவது கெட்டியாக்கிய இனிப்புப் பால். மற்றதில் 'கிரிமர் பெக்காட் மானிஸ்'. முதலாவது பாலிலிருந்து தண்ணீரைப் போக்கி, சர்க்கரையைக் கொட்டி, கெடாமல் கட்டியாக்கியது. அமெரிக்காவின் கெய்ல் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்ற முறையின் வாரிசு. நெஸ்லேயின் மலேசியக் கதையே 1912இல் பினாங்கில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி என்ற பெயரில் இந்த டின்பாலோடுதான் தொடங்கியது. இரண்டாவது டின்னில் பால் பொருள் கொஞ்சம் உண்டு, ஆனால் பசுவின் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது.

செம்பனை எண்ணெய்! அத்தை அதைக் கேட்டதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, கீழே பேராக்கில் செம்பனைக் குலை வெட்டினவர். தங்கை மலைமேல் கொழுந்து பறிக்க, அண்ணன் மலையடியில் குலை வெட்ட, இரண்டும் ஒரே குவளையில் வந்து கலந்திருக்கிறது. "அடடே, எங்கண்ணன் ஊத்துன பாலையா நான் இவ்ளோ நாளா குடிச்சேன்?" என்று அத்தை டின்னைத் தடவிப் பார்த்தார். நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாவது டின் ஆவியாக்கிய பால், சூசு செஜாட். 'தே சி' கேட்டால் அக்கா இதைத்தான் ஊற்றுவார். அந்த 'சி' கார்னேஷன் என்ற டின்பாலின் முதல் எழுத்து என்று கோப்பிக்கடைக்காரர்கள் சொல்வார்கள். 'தே ஓ'வில் பாலே கிடையாது. 'ஓ' என்றால் ஹொக்கியனில் கறுப்பு. 'கோசோங்' சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் கிடையாது.

தட்டின் கடைசியில் ஒரு பெரிய பொட்டலம், வெள்ளைப் பொடி. அதில் 'கிரிமர் புக்கான் தெனுசு' என்று இருந்தது. 'புக்கான்' என்றால் அல்ல, 'தெனுசு' என்றால் பால் பொருள். பையனின் முகம் மலர்ந்தது. "சித்தி! இது பால் இல்ல! நான் குடிக்கலாம்!"

திருப்பிப் படி என்றேன். உள்ளடக்கப் பட்டியல் எறும்பு எழுத்தில். அவன் விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினான். குளுக்கோஸ் பாகு. செம்பனை எண்ணெய். நாத்-ரி-யம்... க-செய்-னாட். விரல் அங்கே நின்றது. "கசெய்னாட்... இது கேசின் தானே?"

கேசினேதான்! பாலிலுள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அதைப் பிரித்து எடுத்து உப்பாக்கினால் சோடியம் கேசினேட். மலாயில் நாத்ரியம் கசெய்னாட். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும், நுரையை நிற்க வைக்கும். பொடியில் பாலின் கொழுப்பு இல்லை, பால் சர்க்கரையும் அநேகமாக இல்லை. அதனால் முகப்பில் 'பால் அல்ல'. ஆனால் என் பையன் உடம்பு எதைக் கண்டு எகிறுகிறதோ அந்தப் புரதம் உள்ளே. இது இன்று நேற்று வந்த குழப்பம் அல்ல. கார்னேஷன் நிறுவனம் 1961இல் காபிமேட் என்ற பொடியைக் கொண்டுவந்தது. ஆமாம், தே சியின் அதே கார்னேஷன்! அந்த வகைப் பொடிகள் உலகெங்கும் பரவியபோது 'பால் அல்லாத' என்ற சொல்லும் கேசினேட்டும் ஒரே பொட்டலத்தில் சேர்ந்தே பயணம் செய்தன. அமெரிக்க விதிப்படி அப்படிப்பட்ட பொட்டலத்தில் கேசினேட் என்று எழுதுகிற இடத்திலேயே அது பாலிலிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். இங்கேயும் பால், பால் பொருள் சேர்ந்திருந்தால் பட்டியலில் வந்தாக வேண்டும். படிப்பதற்கு ஒரு விரலும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை படித்துவிட்டானே!

எனக்கு இதில் ஒரு தமிழ்ச் சிக்கலும் தெரிகிறது. நமக்கு வெள்ளையாகச் சுரப்பதெல்லாம் பால். தாய்ப்பால், பசும்பால், தேங்காய்ப்பால், கள்ளிப்பால். நெற்கதிர் கூடப் பால் பிடிக்கிறது. இந்த நாட்டிலோ ரப்பர் மரமே பால்மரம். எங்கள் தாத்தா தலைமுறை விடியலில் வாளியோடு போனது 'பால் வெட்ட'. அகிலன் மலேசியத் தோட்டங்களைப் பற்றி எழுதிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றுதான் பெயர். சோயா பால், ஓட்ஸ் பால் என்று நாம் சொல்வது எங்கள் நாக்குக்கு இயல்பு. ஐரோப்பாவில் இதற்கு வழக்கே நடந்தது: 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், செடியிலிருந்து எடுத்ததைப் பால் என்று பெயரிட்டு விற்கக்கூடாது என்றது. தேங்காய்ப்பாலுக்கு அங்கேயும் விலக்கு உண்டு! பெயரை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பால் என்று கேட்டுவிட்டு ஊற்ற வேண்டும், அது போதும்.

சரி, அத்தைக்கு வருவோம். அவர் வயிற்றுக்குள்ளும் ஒரு பின்கட்டு இருக்கிறதே!

பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு லாக்டோஸ். குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்து நிற்கிற சர்க்கரை அது. சிறுகுடல் சுவரில் லாக்டேஸ் என்கிற நொதி அந்தக் கைகளைப் பிரித்துவிட்டால்தான் இரண்டும் இரத்தத்துக்குள் போகும். குழந்தையாக இருக்கும்போது அது ஏராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்ததும் குறையத் தொடங்கும். பிரிபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். ஹைட்ரஜன் கிளம்பும், தண்ணீர் சேரும், வயிறு உருளும். அந்த ஹைட்ரஜன் இரத்தத்தில் ஏறி மூச்சில் வெளியே வரும். மருத்துவர்கள் ஊதச் சொல்லி அளக்கிறார்கள். குடலில் நடப்பதை மூச்சில் படிக்கிறார்கள், எவ்வளவு அழகான தந்திரம்!

அத்தை இதை நோய் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். நோயே இல்லை! உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரியவர்கள் இப்படித்தான். வளர்ந்தபிறகும் நொதி சுரப்பது, மாடு மேய்த்து வாழ்ந்த கூட்டங்களில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பரவிய மரபணு மாற்றம். இந்தியாவில் அது வடமேற்கில் அதிகம், தெற்கே வர வர குறைவு. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வட இந்தியரில் 27.4 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியரில் 66.6 சதவீதம் பேருக்கும் இந்த நொதிக் குறைவு காணப்பட்டது. மலேசியாவில் 2006இல் வந்த ஆய்விலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று தரப்பிலும் 80 சதவீதத்துக்கு மேல். இந்தக் கடையில் காலையில் வந்து உட்கார்கிற எல்லோரையும் ஊதச் சொன்னால் அத்தை தனியாளாக இருக்கவே மாட்டார்.

அப்படியானால் கெட்டிப்பால் ஊற்றி நுரைக்க ஆற்றுகிற தே தாரிக்கைக் குடித்து ஏன் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை? இதைக் கேட்டதும் அக்காவும் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். கணக்குப் போட்டோம். நல்ல கெட்டிப்பாலில் நூறு கிராமுக்குப் பத்து கிராம் அளவில் லாக்டோஸ். ஒரு தே தாரிக்குக்கு அக்கா போடுவது இரண்டு பெரிய கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். ஆக நாலு கிராம் லாக்டோஸ். நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிதாகத் தொல்லையில்லாமல் தாங்குவார்கள். அந்த 12 கிராம் ஒரு சாதாரணக் குவளைப் பாலிலேயே வந்துவிடும்; அத்தையின் பெரிய குவளை அதையும் தாண்டும்! அத்தை இத்தனை நாளாகக் காலைத் தேத்தண்ணியைச் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார். குற்றவாளி இரவுக் குவளை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப எனக்கு ஒரு தே தாரிக் போடு" என்றார். உடனே, அந்த நிமிடமே.

தயிரும் மோரும் ஏன் ஒத்துக்கொண்டன என்பதும் அதோடு விளங்கியது. தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். உயிரோடு உள்ளே போகும்போது தங்கள் நொதியையும் கொண்டுபோய் உதவும். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லிவிடலாம். பையனுக்கு மட்டும் இவை எதுவும் ஆறுதல் இல்லை. ஆட்டுப்பாலும் அவனுக்கு ஆகாது. அதன் புரதம் பசும்பால் புரதத்துக்கு நெருங்கிய உறவு.

இனி அந்த அட்டைப்பெட்டி, என்னை ஏமாற்றியதாக நான் ஒரு வருஷம் கோபித்துக்கொண்டிருந்த 'பெபாஸ் லக்தோசா'. அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. லாக்டோஸ் இல்லை என்றது. பால் இல்லை என்று சொல்லவே இல்லை. உள்ளே இருப்பது அப்பட்டமான பசும்பால். ஈஸ்ட்டிலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ எடுத்த லாக்டேஸை அதில் சேர்த்து, நம் குடல் செய்யவேண்டிய வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒரு முறையில் குளிர்த்தொட்டியில் ஒரு நாள் போல விட்டு, பிறகு சூடாக்கி அடைப்பார்கள். எனக்குப் பிடித்தது மற்ற முறை: பாலை அதிசூட்டில் கிருமி நீக்கி, பெட்டியில் அடைக்கும் கடைசி நொடியில் சுத்திகரித்த நொதியைச் சொட்டு விடுவார்கள். மூடி ஒட்டிவிடுவார்கள். லாரியில் குலுங்கும்போதும் கடைத்தட்டில் நிற்கும்போதும் பெட்டிக்குள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்! நினைத்தாலே சிலிர்க்கிறது. இப்படிப் பிரிந்த சர்க்கரைகள் லாக்டோஸைவிட இனிப்பு. அதனால் பால் தித்திக்கும். மொத்தச் சர்க்கரை மட்டும் அதேதான், சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். பின்லாந்தின் வாலியோ நிறுவனம் இந்தத் தித்திப்பும் வேண்டாம் என்று முதலில் லாக்டோஸில் ஒரு பகுதியை வடித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை நொதியால் பிரித்து, 2001இல் பசும்பாலின் சுவையோடே விற்பனைக்கு விட்டது.

ஈப்போவிலிருந்து ஓட்ஸ் பானம் ஒன்றும் பையில் கொண்டு வந்திருந்தேன். அதன் கதையும் நொதிக் கதையே. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்னே டால்க்விஸ்ட் லாக்டேஸ் குறைவை ஆராய்ந்தவர். அவர் மாணவர் ரிகார்ட் எஸ்டே, பாலையே தொடாமல் ஓட்ஸ் கூழில் நொதியைச் சேர்த்து மாவுச்சத்தை உடைத்து, 1990களில் குடிக்கத்தக்க பானமாக்கினார். ஓட்லி அதில் பிறந்தது. ஆசிரியர் ஏன் பால் செரிக்கவில்லை என்று கேட்டார். மாணவர் பால் இல்லாமல் என்ன குடிக்கலாம் என்று கேட்டார். எங்கள் வீட்டு அத்தைக்கு ஒருவர், பையனுக்கு ஒருவர்!

ஏழு மணிக்கு அக்கா தேயிலைத் தூளைத் துணியில் கொட்டி, கொதிநீரை மேலிருந்து ஊற்றி, கறுத்த சாயம் இறக்கினார். ஐந்து குவளையை வரிசையாக வைத்தோம். ஒன்றில் கெட்டிப்பால். அது தெரிந்த சுவை. பாலின் கேசின் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் நாக்கில் முரடு தெரியவில்லை. இரண்டாவது லாக்டோஸ் நீக்கிய பால். நிறம் அச்சு அசல், நுரையும் நின்றது, சர்க்கரை போடாமலே இனித்தது. மூன்றாவதில் சந்துச் சோயாவை நான் அவசரமாக ஊற்றினேன். திரிதிரியாகத் திரிந்துவிட்டது! அக்கா என்னைத் தள்ளிவிட்டு, சோயாவை முதலில் குவளையில் விட்டு, சாயத்தைக் கொஞ்சம் ஆறவிட்டு, மெதுவாக மேலே ஊற்றினார். திரியவில்லை. சூடும் புளிப்பும் துவர்ப்பும் ஒரே நேரத்தில் மோதினால் சோயா புரதம் சுருண்டுகொள்ளும், பழகவிட்டால் பணிந்துபோகும். பாண்டான் வாசத்தோடு அந்தக் குவளை எனக்கு முதலிடம். நான்காவது ஓட்ஸ், பெட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்றினேன், சேர்த்த சுண்ணாம்புச் சத்து அடியில் தங்கிவிடும் என்பதால். கஞ்சி போன்ற சாந்தமான ருசி. ஐந்தாவது தேங்காய்ப்பால், மேலே எண்ணெய் மிதந்தது, மணம் பாயசத்தைத் தேடியது. தேத்தண்ணிக்கு வேண்டாம், பாயசத்துக்கே போகட்டும்.

பையனுக்கு நான் சொல்லிவைத்தது சோயா. மற்ற செடிப் பானங்களில் பெரும்பாலும் புரதம் சொற்பம்; சோயாவில்தான் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருகிறது. வளரும் பிள்ளை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பால் ஒவ்வாமை வளர வளர விலகிவிடுமாம். அதை மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை வீட்டில் முயன்று பார்ப்பதில்லை என்று கடைக்கார அக்காவிடமும் சொன்னேன்.

அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் இரண்டு ஆற்றுக் குவளைகளையும் தூக்கிப் பார்த்தார். காலையிலிருந்து கெட்டிப்பால் தே தாரிக் ஆற்றிய குவளைகள். உள்விளிம்பில் வெள்ளைக் கோடு. "இதுல தே ஓ ஆத்திக் குடுத்தாலே அவனுக்கு ஆகாதுல்ல?" என்றார். நான் கேட்க நினைத்து, கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிய கேள்வி. அவரே கேட்டுவிட்டார்.

மேல்தட்டிலிருந்து விலைச்சீட்டு கிழிக்காத புதுக் குவளை ஒன்றை இறக்கினார். ஒரு புது வடிகட்டியும். இரண்டின் கைப்பிடியிலும் சிவப்பு நூல் கட்டி, டின் தட்டிலிருந்து தள்ளி, சோயா தூக்கின் பக்கத்தில் தனி ஆணி அடித்து மாட்டினார். பையன் நூலைத் தொட்டுப் பார்த்தான்.

"இது என்னோடதா பெரியம்மா?"

"உன்னோடதுதான்யா. வேற யாருக்கும் இதுல ஊத்தமாட்டேன்."

வெளியே முதல் மேசையில் யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தே சி ஒன்று என்று குரல் கொடுத்தார்கள். அக்கா திரையை விலக்கிக்கொண்டு போனார். பையன் சிவப்பு நூல் குவளையை ஆணியிலிருந்து எடுத்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, "சித்தி, ஊத்து" என்றான்.